முதல் ஜப்பான் பயணம்: பத்து நாட்களில் எத்தனை நகரங்கள்?

2025 செப்டம்பர் 6, காலை (வாசகரின் கேள்வி)

அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் முதன்முறையாக ஜப்பான் செல்ல இருக்கிறோம். நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபது வயதை நெருங்கும் என் அத்தை (மாமியார்) என நான்கு பேர். மொத்தம் பத்து நாட்கள். டோக்கியோ, ஹகோனே, கனசாவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, ஃபுகுவோகா என்று பட்டியல் போட்டிருக்கிறோம். ஏழு நாள் ரயில் பாஸ் ஒன்றை வாங்கிவிட்டால் அத்தனையையும் சுற்றிவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அத்தை சுத்த சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார். இது நடக்கக்கூடிய திட்டம்தானா?

செப்டம்பர் 6, இரவு

எட்டு ஊர்களிலும் ரயில் உங்களைக் குறித்த நிமிடத்தில் இறக்கிவிடும், அதில் ஐயமில்லை. ஆனால் இறங்கிய ஊரைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்துவிடவேண்டும்; அடுத்த ஊர் விடுதியிலோ பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் நிலையத்துக்கு நடந்து, ரயில் ஏறி இறங்கி, பெட்டிகளை எங்கே வைப்பது என்று தேடி அலைவதற்குள் அரை நாள் கரைந்துவிடும். ஆறு முறை ஊர் மாறினால் மூன்று நாட்கள் இப்படியே போய்விடும். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் இரண்டு நாட்களைக் கழித்த பிறகு, கையில் இருக்கும் எட்டு நாட்களில் மூன்றை இழப்பது பெரிய இழப்பு.

என் கருத்து இதுதான்: டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மட்டும் தங்குங்கள். நாராவுக்குக் கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரம், ஒசாகாவுக்குச் சாதாரணக் கட்டண விரைவு ரயிலில் அரை மணி நேரம். இரண்டையும் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்களாக வைத்துக்கொள்ளலாம். ஃபுகுவோகா ஒரு திசையில், கனசாவா இன்னொரு திசையில் இருப்பதால் இரண்டையும் இந்தப் பயணத்தில் விட்டுவிடவேண்டும். கனசாவாவின் கென்ரோகுயென் தோட்டத்தைத் தவறவிடச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் ஏதாவது ஒன்றை விட்டால்தான் மற்றவற்றை ஆற அமரப் பார்க்கமுடியும். ஹிரோஷிமாவும் இப்போதைக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது.

விமானச் சீட்டைப் பொறுத்தவரை, டோக்கியோவில் இறங்கி, ஒசாகா விரிகுடாவில் செயற்கைத் தீவின்மீது கட்டப்பட்டு 1994இல் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புமாறு எடுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகச் செல்லும் நிறுவனங்கள் இரண்டு நிலையங்களுக்கும் பறக்கின்றன. டோக்கியோவுக்கே திரும்பிவந்து விமானம் ஏறும் திட்டத்தில் அரை நாளும், தலைக்கு ஏறத்தாழ 14,000 யென்னும் வீணாகும்.

செப்டம்பர் 7

ரயில் பாஸ் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் மிகச் சரியான அறிவுரை. நாடு முழுவதற்குமான ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னாக இருந்தவரை, டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே பணம் ஏறத்தாழ ஈடாகிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் அதே பாஸ் 50,000 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி ரயிலில் முன்பதிவு இருக்கையோடு ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். நீங்கள் ஒருவழியாக மட்டுமே போவதால் அந்த ஒரு சீட்டுக்காக 50,000 யென் கொடுப்பதில் பொருளில்லை. மேலும், மிக வேகமான நோசோமியில் ஏற அந்தப் பாஸ் வைத்திருப்போர் கூடுதல் கட்டணம் செலுத்தவேண்டும்.

உங்கள் மகள் பயண நாளில் 12 வயதைத் தொடாதிருந்தால் ரயிலில் அரைக் கட்டணம்தான். பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரங்களுக்குள் சுற்ற சுயிகா, பாஸ்மோ, இகோகா என்ற பணம் நிரப்பும் அட்டைகள் உண்டு. டோக்கியோவில் வாங்கிய சுயிகாவைக் கியோட்டோவின் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் கடைகளிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். சில்லுத் தட்டுப்பாட்டால் 2023இல் நிறுத்திவைக்கப்பட்டிருந்த சாதாரணச் சுயிகா விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டது. நிலைய இயந்திரங்களில் அட்டைக்குப் பணம் நிரப்பப் பெரும்பாலும் ரொக்கமே கேட்கும் என்பதால் 1,000 யென் தாள்கள் சில எப்போதும் கையில் இருக்கட்டும்.

செப்டம்பர் 9

எப்போது போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி விடுமுறை தொடங்கியவுடன் ஏப்ரல் கடைசியில் கிளம்ப வேண்டாம். ஏப்ரல் 29இல் தொடங்கி மே முதல் வாரம் வரை ஜப்பானில் விடுமுறைகள் அடுத்தடுத்து வருவதால் நாடே ஒரே நேரத்தில் பயணம் கிளம்பும். 2026இல் மே 3 ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஈடாக மே 6 புதன்கிழமையும் விடுமுறை. அந்த வாரத்தில் விடுதி வாடகை கையைக் கடிக்கும், ரயிலில் இருக்கை கிடைப்பதும் கடினம். மே 7க்குப் பிறகு கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். மழைக்காலம் டோக்கியோ, கியோட்டோ பகுதிகளில் ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். இடைப்பட்ட அந்த மூன்று வாரங்கள், வெயிலும் குளிரும் வருத்தாத, மேப்பிள் மரங்கள் இளம்பச்சையாகத் தளிர்த்திருக்கும் அருமையான காலம். செர்ரிப் பூக்கள் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் முடிந்துவிட்டிருக்கும் என்ற வருத்தம் உங்கள் மகளுக்கு இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டியோடு அந்தப் பூக்கள் ஒருபோதும் ஒத்துவரா.

அதே மே மாதத்தில் ஜப்பானியப் பள்ளிகளும் கல்விச் சுற்றுலா கிளம்பும். கியோட்டோவிலும் நாராவிலும் மஞ்சள் தொப்பியோ சீருடையோ அணிந்த மாணவர்கள் வரிசை வரிசையாக வருவார்கள். காலை 9 மணிக்கு முன் கோயில்களுக்குப் போய்விட்டால் அவர்களை முந்திக்கொள்ளலாம்.

செப்டம்பர் 12

உணவைப் பற்றி எழுத இத்தனை நாட்கள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இதில் ஆறுதலுக்காக எதையும் சொல்லக்கூடாது. ஜப்பானில் காய்கறியும் டோஃபுவும் நிறைய இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் தாஷி என்ற சாற்றில் வெந்தவை. அந்தச் சாறு கடற்பாசியோடு உலர்ந்த சூரைமீன் சீவல் சேர்த்துக் காய்ச்சப்படுவது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ், வேகவைத்த கீரை, ஏன், தட்டில் ஓரமாக வைக்கும் பூசணிக்காய்த் துண்டு வரை அது ஊடுருவியிருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் பணியாளர் மனப்பூர்வமாகத் தலையசைத்து, மீன் சாற்றில் செய்ததையே கொண்டுவந்து வைப்பார். அவரளவில் அது இறைச்சி அன்று. ஆகவே இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை ஆகிய நான்கையும் பெயர் சொல்லி மறுக்கும் ஓர் அட்டையை ஜப்பானிய மொழியில் அச்சிட்டு உங்கள் அத்தை கையில் கொடுத்துவிடுங்கள்.

என் பெற்றோர் வந்திருந்தபோது நான் ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவிலுள்ள தகட்சுகியில் குடியிருந்தேன். வெளியே சாப்பிடுவதற்குப் பதிலாகச் சிறிய சமையலறை கொண்ட விடுதி அறையை எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர்கள் டோக்கியோவில் தங்கிய நாட்களில்தான் கண்டேன். மளிகைக் கடைகளில் வெந்த சோறு மூடிய கிண்ணத்தில் கிடைக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் ஆவி பறக்கும். சுவையூட்டாத தயிர் 400 கிராம் டப்பாவில் எல்லாக் கடைகளிலும் உண்டு. அந்தச் சோறு கொஞ்சம் ஒட்டும் தன்மையுடையதால் தயிர்சாதத்துக்கு மிகவும் பொருந்தும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அவல் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, பழம், காய் எதையும் பச்சையாகக் கொண்டுபோகாதீர்கள். தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். இறைச்சி சேர்ந்த எந்தப் பொருளுக்கும் அனுமதியில்லை.

வெளியே சாப்பிடவேண்டிய நேரங்களுக்குச் சில இடங்கள். டோக்கியோ நிலையத்தின் நுழைவாயிலுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்ற முழுத் தாவர ராமென் (சூப்போடு பரிமாறும் நூடுல்ஸ்) கடை இருக்கிறது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறுவதற்கு முன் அங்கே சாப்பிட்டுவிடலாம். கியோட்டோவின் புத்த மடாலயங்களில் பரிமாறும் ஷோஜின் ரியோரி மரபுப்படி மீனும் இறைச்சியும் விலக்கிய உணவு; விலை சற்றுக் கூடுதல் என்றாலும் ஒரு நண்பகலாவது அதை உண்டு பாருங்கள், அத்தைக்கு அந்த ஊரோடு ஒரு நெருக்கம் பிறக்கும். டோக்கியோவின் கிழக்கே எதோகாவா வட்டாரத்திலுள்ள நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்வதால் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் உண்டு. 

மூலைக்கு மூலை இருக்கும் 24 மணி நேரக் கடைகளில் முக்கோண வடிவில் ஒனிகிரி என்ற சோற்று உருண்டை விற்பார்கள். உறையில் 1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று முனைகள் இருக்கும். அதே வரிசையில் இழுத்தால் மொறுமொறுப்பான கடற்பாசித் தாள் கிழியாமல் சோற்றின்மேல் வந்து படியும். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். உமெபோஷி என்ற உப்புப் புளிப்புக் காய் வைத்தது நம் நாவுக்கு உடனே பழகிவிடும், ஆனால் அதிலும் சில நிறுவனங்கள் மீன் சாறு சேர்ப்பதுண்டு. அத்தைக்குக் கொடுக்கும் முன் உறையின் பின்பக்கத்தைக் கைபேசி மொழிபெயர்ப்பில் படித்துவிடுங்கள்.

செப்டம்பர் 12, சற்று நேரம் கழித்து

மருந்துகளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. சளிக்கு நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. அத்தையின் வழக்கமான மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குள், மருத்துவரின் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

செப்டம்பர் 15

ஒசாகாவில் தங்கினால் அறை வாடகை குறையுமே, கியோட்டோவை ஏன் வற்புறுத்துகிறீர்கள் என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ஒசாகாவில் அறைகள் மலிவு, இரவுச் சாப்பாடு கலகலப்பு, சுரங்க ரயில் எங்கும் போகும். 2026 மார்ச் முதல் கியோட்டோவில் தங்கும் வரியும் உயர்கிறது: 6,000 முதல் 20,000 யென்னுக்கு உட்பட்ட அறைகளுக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 400 யென், 20,000 முதல் 50,000 வரை 1,000 யென்.

இருந்தும் நான் கியோட்டோவையே சொல்வேன், காரணம் அதன் காலைப் பொழுது. கியோமிசு கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. ஃபுஷிமி இனாரியின் செந்நிறத் தோரண வாயில்களுக்கு அடைப்பே கிடையாது. 1633இல் மீண்டும் கட்டப்பட்ட கியோமிசு மண்டபத்தின் மர மேடையில் ஆறரை மணிக்கு நின்றால், கீழே பள்ளத்தாக்கில் மரங்களும், சற்றுத் தொலைவில் துடைப்பத்தால் படிகளைப் பெருக்கும் ஓசையும்தான் இருக்கும். பத்து மணிக்கு அதே மேடையில் தோளோடு தோள் உரசி நிற்கவேண்டும். ஒசாகாவிலிருந்து புறப்பட்டு ஆறரைக்கு அங்கே வந்து சேர எழுபது வயதுக்காரரால் முடியாது. பெரும்பாலான கோயில்கள் மாலை 5 மணிக்குள் மூடிவிடுவதால், காலையை இழந்தவர்களுக்குக் கியோட்டோவில் மிஞ்சுவது நெரிசல் மிகுந்த நண்பகல்தான்.

கியோட்டோவின் குறை அதன் பேருந்துகள். சுரங்க ரயில் கராசுமா, தோசாய் என்ற இரண்டே தடங்களில் ஓடுகிறது. புகழ்பெற்ற கோயில்களில் பல அவற்றிலிருந்து தள்ளி இருக்கின்றன. பேருந்தில் பின் கதவில் ஏறி, முன் கதவில் ஓட்டுநர் அருகே உள்ள பெட்டியில் 230 யென் செலுத்தி இறங்கவேண்டும். அந்தப் பெட்டி மீதி தராது. அதன் பக்கவாட்டில் உள்ள துளையில் 1,000 யென் தாளைச் செருகிச் சில்லறை மாற்றிக்கொண்டு, பிறகு எண்ணிப் போடவேண்டும். முதல்முறை வருபவர் இதை நெரிசலில் செய்து முடிப்பதற்குள் பின்னால் இருபது பேர் காத்து நிற்பார்கள். அதற்காகவே அட்டை வைத்திருங்கள் என்றேன். 

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று: நான்கு பேருக்குப் பேருந்து 920 யென். குறுகிய தூரத்துக்கு டாக்ஸி ஏறத்தாழ 1,000 முதல் 1,500 யென்னில் முடிந்துவிடும், கோயில் வாசல் அருகிலேயே இறக்கிவிடும். அத்தைக்காகக் கியோமிசுவுக்கு அதிகாலையில் டாக்ஸியில் போய், இறக்கமான கல்வீதிகள் வழியாகக் கீழே நடந்து வாருங்கள். ஏறும்போது வலிக்கும் முழங்கால் இறங்கும்போதும் வலிக்கும் என்றால் நின்னென்சாக்கா படிகளைத் தவிர்த்து அகலமான சாலையிலேயே வரலாம். ஃபுஷிமி இனாரிக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தட ரயிலில் ஐந்து நிமிடம்தான், நிலையத்துக்கு எதிரிலேயே முதல் வாயில். மலை உச்சி வரை ஏறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 16

விசா வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், தேவை. இந்தியாவில் வசிப்போருக்கு 2024 ஏப்ரல் முதல் மின்னணு சுற்றுலா விசா வழங்கப்படுகிறது. விண்ணப்பம் விசா மையத்தின் வழியாகவே போகவேண்டும். நாள்வாரிப் பயணத் திட்டத்தைக் கேட்பார்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்துவிட்டு அந்தத் திட்டத்தை எழுதுங்கள்.

செப்டம்பர் 21

ஹிரோஷிமாவை வேண்டாம் என்று முதல் நாள் எழுதினேன். அதன் பிறகு உங்கள் மகள் பள்ளியில் இரண்டாம் உலகப்போர் பற்றிப் படித்துவிட்டு அந்த ஊரைத்தான் முதலில் கேட்டாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் மாறிவிட்டது. ஒரு குழந்தை தானாகக் கேட்கும் ஊரை அட்டவணைக்காக விடக்கூடாது. கியோட்டோவிலிருந்து ஷின்கான்செனில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்றாலும் அங்குள்ள அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தவுடன் ரயிலைப் பிடிக்க ஓடுவது சரியன்று. ஓர் இரவு அங்கே தங்குங்கள்.

1915இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்செல் வடிவமைத்த தொழிற்பொருள் காட்சி மண்டபம்தான் இன்று அணுகுண்டுக் குவிமாடம் என்று அறியப்படும் எலும்புக்கூடு. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு ஏறத்தாழ அதன் தலைக்கு மேலே, ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது; வெடித்த புள்ளிக்கு நேர் கீழான இடம் மண்டபத்திலிருந்து 160 மீட்டர் தொலைவுதான். ஏறத்தாழ நேர் மேலிருந்து அழுத்தம் வந்ததால்தான் சுவர்களில் சில நின்றன. 1996இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அருகிலேயே குழந்தைகளின் நினைவுச் சின்னம் இருக்கிறது. குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955இல் 12 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் நினைவாக அவளுடைய வகுப்புத் தோழர்கள் நிதி திரட்டி எழுப்பியது. உங்கள் மகளுக்கும் ஏறத்தாழ அதே வயது. அருங்காட்சியகத்தில் கருகிய மதிய உணவுப் பெட்டியும் சிறுவனின் மூன்று சக்கர வண்டியும் இருக்கின்றன. உள்ளே போகுமுன் அவளிடம் பேசிவிட்டு, எந்த இடத்திலும் வெளியே வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள். 

ஊருக்குள் டிராம் ஓடுகிறது. குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதித் தடத்தில் சேவை மீண்டும் தொடங்கிய அதே டிராம் அமைப்பு. அன்று சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்ட 650 வரிசை வண்டிகள் நெடுங்காலம் ஓடியவை. அடுத்த நாள் காலை மியாஜிமா தீவுக்குப் படகில் பத்து நிமிடம். அலை ஏறியிருக்கும் நேரத்தில் இட்சுகுஷிமா ஆலயமும் அதன் தோரணமும் நீரில் மிதப்பதுபோல் இருக்கும். அலை வற்றினால் தோரணத்தின் அடிவரை நடக்கலாம். அன்றைய அலை அட்டவணையை முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 22

ஹிரோஷிமா சேர்ந்துவிட்டதால் ரயில் பாஸ் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தேன். நாடு தழுவிய பாஸ் இப்போதும் வேண்டாம்: டோக்கியோ கியோட்டோ 14,000, கியோட்டோ ஹிரோஷிமா ஏறத்தாழ 11,000, அங்கிருந்து ஒசாகாவுக்கு ஏறத்தாழ 10,500, ஆக மொத்தம் 36,000ஐத் தாண்டவில்லை. ஆனால் மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம் கன்சாய், ஹிரோஷிமா பகுதிகளுக்கு மட்டும் தொடர்ச்சியான ஐந்து நாட்களுக்கான பாஸ் ஒன்றை 17,000 யென்னுக்கு விற்கிறது. நாரா ரயில், ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஷின்கான்சென், மியாஜிமா படகு, கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா ரயில் எல்லாம் அதில் அடங்கும். நோசோமியில் ஏறவும் தடையில்லை. கியோட்டோவுக்கும் ஷின் ஒசாகாவுக்கும் இடைப்பட்ட ஷின்கான்சென் மட்டும் சேராது. அந்தத் துண்டுக்குச் சாதாரண ரயிலில் போய் மாறிக்கொள்ளவேண்டும். பயணத்தின் கடைசி ஐந்து நாட்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

செப்டம்பர் 24

பெட்டிகளைப் பற்றி. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு, டோக்கியோ ஒசாகா ஹிரோஷிமா ஷின்கான்சென் தடத்தில் அதற்கென ஒதுக்கிய இருக்கையை முன்பதிவு செய்திருக்கவேண்டும். நான்கு பேருக்கு நான்கு பெரிய பெட்டிகள் என்று கிளம்பினால் நிலையத்துப் படிகளில் திணறுவீர்கள்.

இதற்கு ஜப்பானியர்களே கடைப்பிடிக்கும் வழி தக்யூபின் என்ற வீட்டுக்கு வீடு பெட்டி அனுப்பும் சேவை. 1976இல் யமாதோ நிறுவனம் தொடங்கியது. விடுதி வரவேற்பில் சொன்னால் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். போய்ச் சேரவேண்டிய விடுதியின் பெயர், தொலைபேசி எண், நீங்கள் அறை எடுக்கும் நாள், அறை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது ஆகியவற்றை எழுதவேண்டும். பணியாளர் துணி நாடாவால் பெட்டியை அளப்பார், கைப்பிடியில் படிவத்தைக் கட்டுவார், ரசீதைக் கொடுப்பார். டோக்கியோவிலிருந்து காலையில் அனுப்பியது பொதுவாக மறுநாள் கியோட்டோவில் இருக்கும். பெட்டிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 யென். உங்கள் திட்டத்தில் இதற்குச் சிறந்த பயன் ஹிரோஷிமா போகும் காலையில்தான்: பெரிய பெட்டிகளைக் கியோட்டோவிலிருந்து நேராக ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான துணியோடு மட்டும் ரயில் ஏறுங்கள்.

செப்டம்பர் 28

நாராவில் மான்களைத் தவிர என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோதாய்ஜியின் வெண்கலப் புத்தர் இருக்கிறார், ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். நம்மவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் சீனா வழியாக ஜப்பான் வந்தவர். தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படுகிறார், மதுரை என்று குறிப்பிடுவோரும் உண்டு. அவர் புத்தரின் கண்ணில் மை தீட்டிய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கீழே கூடியிருந்தவர்கள் அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு தாங்களும் கண் திறந்ததாகப் புண்ணியம் பெற்றார்கள். அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்த உங்கள் அத்தைக்கு இந்தக் கதையை அந்த மண்டபத்துக்குள் நின்று சொல்லுங்கள். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிக்கப்பட்டது, பழையதைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் நிமிர்ந்து பார்த்தால் மலைத்துப்போவீர்கள்.

பூங்காவுக்குக் கின்டெட்சு நாரா நிலையம்தான் அருகில். பாஸ் செல்லுபடியாகும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்திலிருந்து நடப்பதானால் இருபது நிமிடமாவது ஆகும், அத்தைக்காக அங்கிருந்து பேருந்து ஏறிவிடுங்கள்.

அக்டோபர் 3

டோக்கியோவில் எங்கே தங்குவது என்பதற்கு ஷின்ஜுக்கு என்றே பலரும் சொல்வார்கள். ஒரு நாளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்துபோகும் நிலையம் அது. முதல்முறை வருபவர் முதியவரையும் அழைத்துக்கொண்டு சரியான வெளிவாயிலைத் தேடுவது சோர்வு தரும். நான் உஏனோவையோ அசகுசாவையோ சொல்வேன். நரிதா விமான நிலையத்திலிருந்து உஏனோவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அருங்காட்சியகங்களும் பூங்காவும் நடந்துபோகும் தூரம். யமனோதே வட்டத் தடம் 30 நிலையங்களோடு நகரின் நடுப்பகுதியை ஒரு மணி நேரத்தில் சுற்றிவருவதால், ஷிபுயா, ஹராஜுக்கு, மெய்ஜி ஆலயம் எல்லாவற்றையும் ஒரே தடத்தில் பார்க்கலாம். உயரத்திலிருந்து நகரைக் காண ஷின்ஜுக்குவிலுள்ள பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்குப் போங்கள். 202 மீட்டர் உயரம், கட்டணம் இல்லை. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹகோனே பற்றி மறுபடியும் கேட்டீர்கள். ஃபூஜி மலையைப் பார்ப்பதற்காக என்றால், மேகம் மறைத்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். டோக்கியோவிலேயே இன்னொரு நாள் இருங்கள்.

அக்டோபர் 5

விமானம் மே 9 சனிக்கிழமை நரிதாவில் இறங்கி, 18ஆம் தேதி கன்சாயிலிருந்து திரும்புவதாக முடிவாகியிருப்பதில் மகிழ்ச்சி. அப்படியானால் டோக்கியோவில் நான்கு இரவு. 13ஆம் தேதி கியோட்டோ, அங்கே மூன்று இரவு. 14இல் நாரா, அன்றே ஐந்து நாள் பாஸைத் தொடங்கினால் 18 வரை செல்லும். 15ஆம் தேதி கியோட்டோவின் அவோய் விழா. பழைய அரண்மனையிலிருந்து காலை பத்தரை மணிக்கு ஹெய்யான் கால உடையில் ஊர்வலம் புறப்படும், மழை வந்தால் மறுநாளுக்கு மாறும். அன்று அந்தப் பகுதிச் சாலைகள் அடைபடுவதால் சுரங்க ரயிலிலேயே போங்கள். 16இல் பெட்டிகளை அனுப்பிவிட்டு ஹிரோஷிமா, 17 காலை மியாஜிமா, மாலை ஒசாகா. இரண்டே ஊர்களில் தங்குங்கள் என்று தொடங்கியது நான்காகிவிட்டது, ஆனால் கடைசி இரண்டும் ஒவ்வோர் இரவுதான், பெரிய பெட்டிகளும் கையில் இல்லை. ஒசாகாவில் தென்னோஜி பகுதியில் அறை எடுங்கள். விமான நிலையத்துக்கு ஹருகா அங்கே நிற்கும், 593இல் நிறுவப்பட்ட ஷிதென்னோஜி கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

ஷின்கான்சென் இருக்கை ஒன்று மிச்சம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ஃபூஜி வலப்பக்கம் வரும், அதாவது சாதாரண வகுப்பில் இ வரிசைச் சன்னல். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் ஷின் ஃபூஜி நிலையத்தை ஒட்டிப் பாருங்கள். இ, டி இரண்டும் இருவர் இருக்கை என்பதால் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் எடுத்தால், முன் இருக்கைகளைத் திருப்பிப் போட்டு நால்வரும் எதிரெதிரே அமரலாம். வழக்கமான முன்பதிவு சரியாக ஒரு மாதத்துக்கு முன், ஏப்ரல் 13 காலை 10 மணிக்குத் திறக்கும். இந்திய நேரப்படி காலை 6.30.